வெறுமையாய்த் திரும்பாத பெட்டி

ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குச் சென்ற பாத்திரம் வெறுமையாகத் திரும்புவது நம் குடும்பங்களில் வழக்கமில்லை. அடுத்த வீட்டிலிருந்து கிண்ணத்தில் பாயசம் வந்தால், அந்தக் கிண்ணத்தைக் கழுவித் துடைத்து, வேறொன்றும் கைக்கு அகப்படாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது இட்டுத்தான் அனுப்புவார்கள். மயிலாப்பூர் மாடவீதிகளை ஒட்டிய சந்துகளில் இப்படிப் போய்வந்த பொருள்கள் எத்தனையோ. முற்றத்துச் செடியின் கறிவேப்பிலை, நவராத்திரிச் சுண்டல், பத்திரிகையில் வந்த தொடர்கதையை வாரவாரம் கிழித்துச் சேர்த்துத் தைத்த பைண்டு புத்தகம், மார்கழிக்குக் கோலநோட்டு, வைகுண்ட ஏகாதசி இரவு கண்விழிப்பதற்குப் பரமபத சோபானப் படமும் தாயக்கட்டையும். பொருள் பெரிதல்ல. ஒரு வீட்டின் கதவை இன்னொரு வீட்டார் தட்டுவதற்கு அது ஒரு காரணம், அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட ஒரு சந்தில் 46 ஆண்டுகள் குடித்தனம் நடத்திய அம்மையார் ஒருவர். பெண்கள் பள்ளியில் கணித ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் சிவபதம் அடைந்த பிறகு, அமெரிக்காவில் இருக்கும் ஒரே மகன் வந்து அழைத்துப் போனார். நியூயார்க் நகருக்குக் கிழக்கே நீண்டு கிடக்கும் லாங் ஐலண்டில் அவர் வீடு. அம்மையார் போய்ச் சேர்ந்தது ஐப்பசி மாதத்தில். மரங்களெல்லாம் இலையை உதிர்த்துக்கொண்டிருந்த நேரம் அது.

குறை என்று சொல்ல எதுவும் இல்லை. மருமகள் குணவதி. பேத்திக்குத் தமிழ் நன்றாகவே வரும். ஞாயிறுதோறும் ஃப்ளஷிங் நகரத்து மகா வல்லப கணபதி ஆலயத்துக்குக் காரில் அழைத்துச் செல்வார்கள். 1977இல் குடமுழுக்கு கண்ட அந்தக் கோயிலில் நம் ஊர் அருச்சனை, நம் ஊர் விபூதி வாசனை, கீழ்த்தளத்து உணவகத்தில் நம் ஊர் தோசை. எனினும், வந்த ஒரு மாதத்துக்குள்ளாகவே, "என்னைச் சென்னைக்கே அனுப்பிவிடப்பா" என்று அம்மையார் மகனிடம் கேட்கத் தொடங்கினார். மறுவாரமும் கேட்டார். அதற்கடுத்த வாரமும் கேட்டார். மகனுக்குக் காரணம் புரியவில்லை; காரணத்தைச் சொல்லத் தாய்க்கும் தெரியவில்லை.

அந்த வீட்டில் எல்லாம் அவரிடம் வந்துகொண்டே இருந்தன. காபி வந்தது, மாத்திரை வந்தது, குளிருக்குக் காலுறை வந்தது, காலையில் பத்திரிகை படிக்கக் கைக்கணினி வந்தது. அவரிடமிருந்து எவருக்கும் எதுவும் போகவில்லை. போவதற்கு அவரிடம் எதுவும் இல்லை. வாங்கிக்கொண்டே இருப்பது எவ்வளவு பெரிய களைப்பு என்பதை முதுமையில் பிள்ளைகள் வீட்டில் தங்கியிருந்தவர்கள் அறிவார்கள். பிள்ளைகள் அதை அறிவது அரிது. அவர்கள்மேல் தவறில்லை, அவர்கள் கொடுக்கும் பக்கத்தில் இருக்கிறார்கள்.

திருக்கார்த்திகை வந்தது. அம்மையார் பெட்டியில் கொண்டுவந்திருந்த அகல்களில் மூன்றை மட்டும் ஏற்றி வாசற்படியில் வைத்தார். காற்று ஒன்றை அணைத்தது, மீண்டும் ஏற்றினார், மீண்டும் அணைந்தது. மாலை நாலரைக்கே இருட்டிவிடும் அந்த ஊரில், எதிர்த்த வரிசையில் ஒரு சன்னல் திரை சற்று விலகியதை அவர் பார்த்தார். அங்கே தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அமெரிக்கர் ஒருவர் தனியே வசிக்கிறார் என்பது மட்டும் அவருக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் வாசற்படியில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. மூடியின்மேல், பனி மூடிய ஒரு கிராமத்தின் படம். ஒவ்வொரு வீட்டுச் சன்னலிலும் மஞ்சள் விளக்கு. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: "உங்கள் விளக்குகளைப் பார்த்தேன். நீண்ட மாலைகளுக்கு இது உதவும்."

உள்ளே சிறு சிறு அட்டைத் துண்டுகள். ஜிக்சா என்று அந்நாட்டில் வழங்கும் படப்புதிர் அது. ஒரு படத்தை வளைவும் நெளிவுமாக வெட்டிக் கலைத்துவிட்டால், ஒன்றோடொன்று கொக்கியிட்டுப் பொருந்தும்படி மீண்டும் அதைச் சேர்க்க வேண்டும்.

"சின்னக் குழந்தைகள் விளையாட்டு அல்லவா இது?" என்றார் அம்மையார்.

"பாட்டி, பின்னால் பாருங்கள். ஆயிரம் துண்டு!" என்றாள் பேத்தி.

கணித ஆசிரியைக்கு அது போதும். பெட்டியில் 1000 என்று அச்சிட்டிருந்தாலும் முழுப் படத்துக்கு 1000தானா என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். 1026 வந்தது. சில பெட்டிகளில் அப்படித்தான் இருக்கும். 27 வரிசை, வரிசைக்கு 38. அப்படியானால் ஓரத்துத் துண்டுகள் 126. மூலைத் துண்டு நான்கும் அதில் அடக்கம். உள்ளே மீதி சரியாக 900. மருமகளை அழைத்து இதைச் சொன்னபோது, அவர் முகத்தில் இரண்டு மாதமாகக் காணாத ஒரு களை இருந்ததாம்.

சாப்பாட்டு மேசையின் ஒரு பாதியை அம்மையார் எடுத்துக்கொண்டார். துண்டுகளோடு வந்த அட்டைத் தூளை மாவுச் சல்லடையில் இட்டுச் சலித்தார். நிறம்வாரியாகப் பிரிக்க எவர்சில்வர் தட்டுகள் ஆறு. முதலில் ஓரங்கள், பிறகு விளக்குகள், பிறகு கூரைகள், கடைசியில் பனி. வெள்ளைமேல் வெள்ளையாக இருக்கும் பனியில் கண்ணை நம்பிப் பயனில்லை. துண்டின் வடிவத்தைத்தான் பார்க்க வேண்டும். இந்த வயதில் திருநாமம் சொல்லாமல் அட்டையோடு பொழுதைக் கழிக்கிறோமே என்ற உறுத்தல் முதல் இரண்டு நாள்கள் இருந்தது. ஆனால் கை தேடிக்கொண்டிருக்கும்போது வாய் சும்மாதான் இருக்கிறது என்று மூன்றாம் நாள் கண்டுகொண்டார். பூத்தொடுக்கும்போது ஐந்தெழுத்துச் சொல்வது அவருக்குப் பழக்கம்; அதையே இங்கும் சொன்னார். ஏகாதசி இரவில் பரமபதம் ஆடுவதைப் பாவமென்று எவரும் சொன்னதில்லையே.

பன்னிரண்டாம் நாள் படம் நிறைந்தது. ஒரே ஓர் இடத்தில், வானத்தின் வலது மூலைக்கருகில், ஒரு துண்டு இல்லை. மேசைக்கடியில் தேடினார், சல்லடையைத் தேடினார், குப்பைக்கூடையையும் விடவில்லை. பிறர் பொருளைத் தொலைத்துவிட்டோமே என்று அன்றிரவு உறங்கவுமில்லை. காலையில் படத்தைக் கலைத்துப் பெட்டியில் இடும்போதுதான் மூடியின் உட்புறத்தைப் பார்த்தார். பென்சிலால், சீரான பெண்ணெழுத்தில் ஒரு தேதி. அதன்கீழே, "வானத்தில் ஒன்று இல்லை" என்று ஒரு குறிப்பு. படப்புதிர்களைக் கைமாற்றிக்கொள்பவர்கள் அடுத்தவருக்காக இப்படி எழுதி வைப்பது அங்கே வழக்கம் என்று பேத்தி பிறகு சொன்னாள். எழுதியவர் எதிர்வீட்டுக்காரரின் மனைவி. இரண்டு ஆண்டுகளுக்கு முன் காலமானவர்.

பெட்டியை வெறுமையாய்த் திருப்பக் கூடாது. அம்மையார் வேர்க்கடலை உருண்டை பிடிக்கலாம் என்றார். "வேண்டாம் அத்தை, இங்கே பலருக்குக் கடலை ஒத்துக்கொள்ளாது, கேட்காமல் கொடுக்கக் கூடாது" என்று மருமகள் தடுத்தார். இறுதியில் முந்திரி போடாத ரவா லாடு பத்து, ஒரு தகர டப்பாவில் போயிற்று. நான்கு நாள் கழித்து அந்த டப்பா கழுவித் துடைக்கப்பட்டு, உள்ளே ஆரஞ்சுப் பழங்கள் இரண்டுடனும், அடியில் இன்னொரு படப்புதிர்ப் பெட்டியுடனும் திரும்பி வந்தது. அந்த வழக்கத்தை அவருக்கு எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இந்தக் கைமாற்றுக்கும் ஒரு பழமை உண்டு. 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற வரைபடத் தொழிலாளர், நாடுகளின் படத்தைப் பலகையில் ஒட்டி, எல்லைக்கோடு வழியே அறுத்துப் பிள்ளைகள் பூகோளம் படிப்பதற்காக விற்றார். அதுதான் தொடக்கம் என்பார்கள். அப்போது அது செல்வர் வீட்டுப் பொருள். ஏழை வீட்டுக்கு அது வந்து சேர்ந்தது அமெரிக்காவின் பெரும் பொருளாதார மந்தத்தின்போது. உழைக்கும் கரங்களில் நான்கில் ஒன்றுக்கு வேலையில்லாதிருந்த காலம். 1932, 1933ஆம் ஆண்டுகளில் அட்டையில் அச்சு வெட்டிய புதிர்கள் வாரம் ஒன்றாகப் பத்திரிகைக் கடைகளுக்கு 25 சென்ட் விலையில் வந்தன. 1933இன் தொடக்கத்தில் வாரத்துக்கு 1 கோடி வரை விற்றன. வேலையிழந்த தச்சர்கள் தம் வீட்டிலேயே மரப்பலகையில் புதிர் அறுத்து அக்கம்பக்கத்தாருக்கு விற்றார்கள், வாடகைக்கும் விட்டார்கள். நூலகங்களும் மருந்துக் கடைகளும்கூட இரவல் கொடுத்தன. ஒரு பெட்டி பல வீடுகளைச் சுற்றி வந்தது. கையில் காசில்லாத, வெளியே போக மனமில்லாத குடும்பங்கள் இரவு விளக்கடியில் ஒன்றாக உட்கார அது இடம் கொடுத்தது. வறுமையைப் பற்றி அங்கே எவரும் பேச வேண்டியதில்லை. "அந்த நீலத் துண்டை இப்படித் தள்ளு" என்றால் போதும்.

மார்கழியில் மூன்றாவது வீடு ஒன்று சேர்ந்துகொண்டது. அடுத்த வீட்டுக் கொரியப் பாட்டி. ஆங்கிலமும் தமிழும் அவருக்குத் தெரியாது. கொரிய மொழி இங்கே எவருக்கும் தெரியாது. எதிர்வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் பெட்டி போய்வருவதைச் சன்னலிலிருந்து பார்த்திருக்கிறார். ஒரு நாள் தாமே ஒரு பெட்டியோடும், ஒவ்வொன்றும் தேங்காயளவு இருந்த பேரிக்காய்கள் நான்கோடும் வாசலில் வந்து நின்றார். இடுப்பை வளைத்து வணங்கினார்; அம்மையார் கைகூப்பினார். பெட்டியைக் காட்டி, இரண்டு விரலை உயர்த்தி, கையை விரித்தார். இரண்டு துண்டு இல்லை என்பது பொருள். இவர்களிடையே அதற்குமேல் ஒரு மொழி இன்றுவரை தேவைப்படவில்லை. எளிய படங்களில் ஓரங்களை மட்டும் தாம் முடித்து, உள்ளே உள்ளதை அப்படியே அடுத்தவருக்கு விட்டுவிடும் ஒரு விநோத வழக்கம் அந்தப் பாட்டிக்கு உண்டு. அது மரியாதையா சோம்பலா என்பது இன்னும் தீர்மானமாகவில்லை.

தைப்பூசம் கழிந்த ஒரு நாள், எதிர்வீட்டு முதியவர் பெட்டியோடு வரவில்லை, வெறுங்கையோடு வந்தார். அம்மையாரும் பேத்தியும் தம் வீட்டுக்கு ஒருமுறை வர இயலுமா என்று கேட்டார்.

அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு பலகை; அதன்மேல் ஒரு மேசைத் துணி விரித்திருந்தது. துணியை அவர் மெல்ல எடுத்தார். பாதி முடிந்த படப்புதிர். லாங் ஐலண்டின் கிழக்கு முனையில், கடலைப் பார்த்து நிற்கும் மாண்டாக் கலங்கரை விளக்கம். வாஷிங்டன் குடியரசுத் தலைவராக இருந்தபோது கட்டப்பட்டு 1796இல் முடிந்த கட்டடம் அது. ஓரங்கள் நான்கும் நிறைந்திருந்தன. கலங்கரை விளக்கமும் அடியிலிருந்து உச்சிவரை நிறைந்திருந்தது. கடலில் பாதி வந்திருந்தது. வானம் முழுவதும் வெறும் பலகை. மருத்துவமனைக்குப் புறப்பட்ட காலையில்கூட அவர் மனைவி நின்றவாறே இரண்டு துண்டு பொருத்திவிட்டுப் போனாராம். திரும்பி வரவில்லை.

"என் பிள்ளைகள் இதை எடுத்து வைத்துவிடச் சொல்கிறார்கள்" என்றார் முதியவர். "இரண்டு ஆண்டுகள் இப்படி வைத்திருப்பது நல்லதல்ல என்கிறார்கள். எனக்கு இதைக் கலைக்கவும் மனம் வரவில்லை. முடிக்கவும் மனம் வரவில்லை. நான் சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிடுகிறேன்."

அம்மையார் உடனே ஒன்றும் சொல்லவில்லை. அவர் நினைவுக்கு வந்தது ஒரு மயிலைக் கதை. ஆனால் மனைவியை இழந்தவரிடம் அதைச் சொல்லலாமா என்பது தயக்கமாக இருந்தது. பிறகு சொன்னார், பேத்தி ஆங்கிலத்தில் எடுத்துரைத்தாள்.

மயிலாப்பூரில் சிவநேசர் என்றொரு வணிகர். அவருக்குப் பூம்பாவை என்று ஓர் அருமைப் பெண். ஏழு வயதில் மலர் பறிக்கப் போனவளை அரவு தீண்டியது. எந்த மருந்தும் பலிக்கவில்லை. பெண்ணைத் தகனம் செய்தபின் எலும்பையும் சாம்பலையும் தந்தையார் ஒரு குடத்தில் இட்டு, அதைக் கன்னிமாடத்தில் வைத்து, பட்டும் மாலையும் சாத்தி, பெண் இருப்பதுபோலவே பேணி வந்தார். திருஞானசம்பந்தர் திருவொற்றியூரிலிருந்து மயிலைக்கு எழுந்தருளியபோது அந்தக் குடத்தைக் கோயில் மதிற்புறத்தில் கொண்டுவந்து வைத்தார். மயிலையில் மாதந்தோறும் நடைபெறும் விழாக்களைச் சொல்லி, இவற்றைக் காணாமலே போவாயோ என்று பிள்ளையார் அந்தப் பெண்ணைப் பாடி அழைத்தார். பன்னிரண்டு வயதுப் பெண்ணாக அவள் எழுந்தாள்.

அம்மையார் அஞ்சியது இந்த இடத்தைத்தான். மாண்டவர் மீண்ட கதை, மீளாதவரின் கணவருக்கு என்ன ஆறுதல் தரும்? ஆனால் முதியவர் அந்த இடத்தில் நிற்கவில்லை. அவர் கேட்டது வேறு.

"அந்தத் தந்தை எத்தனை ஆண்டு குடத்தை வைத்திருந்தார்?"

"ஏழு வயதில் போனவள் பன்னிரண்டு வயதுப் பெண்ணாக எழுந்தாள் என்கிறது பெரியபுராணம். அப்படியானால் ஐந்து ஆண்டு."

"அவரைப் பைத்தியம் என்று ஊரார் சொல்லவில்லையா?"

"சேக்கிழார் அப்படி எதுவும் சொல்லவில்லை. அவரை நாங்கள் இன்றும் பெரியவராகத்தான் போற்றுகிறோம். கபாலீச்சரத்தில் பூம்பாவைக்குத் தனிச் சந்நிதி இருக்கிறது. பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் காலையில் குளக்கரையில் இந்த வரலாற்றை நடத்திக் காட்டுவார்கள். நானும் என் கணவரும் வருடந்தோறும் அதைப் பார்த்துவிட்டு, பிற்பகலில் அறுபத்து மூவரைச் சேவித்து, நீர்மோர்ப் பந்தலில் ஒரு குவளை வாங்கிக் குடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவோம்."

முதியவர் சற்று நேரம் பலகையையே பார்த்திருந்தார். பிறகு, "ஐந்து ஆண்டு" என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டார்.

வானத்தை முடிக்க மூன்று வாரம் ஆயிற்று. பிற்பகலில் ஒரு மணி நேரம். பேத்தி பள்ளிவிட்டு வந்ததும் கூட வருவாள். சில நாள் கொரியப் பாட்டியும் வந்து, இதில் தமக்குரிய ஓரங்கள் முன்பே முடிந்திருப்பதைக் கண்டு, தேநீர் மட்டும் அருந்திவிட்டுப் போவார். அம்மையார் ஒரு விதி வைத்துக்கொண்டார்: முதியவர் ஒரு துண்டு வைத்த பிறகே தாம் ஒரு துண்டு வைப்பது. விரைவாகக் கண்டுபிடித்துவிட்டால் கையிலேயே வைத்துக்கொண்டிருப்பார். பள்ளியில் மெதுவாகக் கணக்குப் போடும் மாணவிக்குப் பக்கத்தில் நின்ற பழக்கம் அது. அதிகம் பேச்சில்லை. ஒருநாள் முதியவர் தம் மனைவியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். இன்னொரு நாள் அம்மையார், கணவரின் கடைசி மாதத்தைப் பற்றி, மகனிடம்கூடச் சொல்லாத ஒன்றை, அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னார். மற்ற நாள்களில் "இதுவா?", "இல்லை" என்பதே உரையாடல்.

இத்தகைய கதைகளில் கடைசித் துண்டு காணாமற்போவது ஒரு வழக்கம். இங்கே அப்படி நேரவில்லை. துண்டுகள் எல்லாம் சரியாக இருந்தன. கடைசித் துண்டை முதியவர் வைத்தார். அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பேத்தி கைதட்டப் போய், இருவரையும் பார்த்து, நிறுத்திக்கொண்டாள்.

முடித்த படத்தை என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. பசையிட்டு ஒட்டிச் சட்டம் போட்டு மாட்டலாம் என்றார் மகன். அம்மையார் கொலுவைப் பற்றிச் சொன்னார். ஒன்பது நாள் படியில் நின்ற பொம்மைகளில் ஒன்றை விஜயதசமி இரவு சற்றே சாய்த்துப் படுக்க வைத்துவிடுவார்கள். மறுநாள் எல்லாவற்றையும் துணி சுற்றிப் பெட்டியில் அடுக்குவார்கள். களிமண் பிள்ளையாரையும் பூசித்த பிறகு நீரில்தான் கரைக்கிறோம். கேட்டுக்கொண்ட முதியவர் பதில் சொல்லவில்லை. ஒரு வாரம் படம் மேசைமேல் இருந்தது. ஒரு ஞாயிறன்று, எவரும் உடனில்லாதபோது, அவரே கலைத்துப் பெட்டியில் இட்டார். மூடியின் உட்புறத்தில் மனைவி எழுதியிருக்க வேண்டிய இடத்தில் அவர் தேதி எழுதினார். அன்று மாலையே பெட்டி கொரியப் பாட்டியின் வீட்டுக்குப் போயிற்று. ஓரங்களை அவர் மீண்டும் செய்ய வேண்டும் அல்லவா?

அதன்பின் அம்மையாருக்கு ஒரு விருப்பம் வந்தது. இதுவரை இந்த வீட்டிலிருந்து போனவை லாடும் முறுக்கும்தான். புதிராக ஒன்றும் போகவில்லை. மயிலாப்பூர் வீட்டுக் கூடத்தில் கணவர் எடுத்த புகைப்படம் ஒன்று மாட்டியிருந்தது. தெப்பக்குளத்தின் மேற்குக் கரையில் நின்று எடுத்தது. முன்னால் தண்ணீர், நடுவே நீராழி மண்டபம், அப்பால் கோயில் மதிலும் கோபுரங்களும், பின்னணியில் காலை வானம். அதன் நகல் மகனின் கைப்பேசியில் இருந்தது. நாம் அனுப்பும் புகைப்படத்தைப் படப்புதிராக வெட்டித் தரும் நிறுவனங்கள் அங்கே உண்டு. 500 துண்டில் செய்து தரச் சொல்லி மகன் அனுப்பினார். மாசி மாதத்தில் பெட்டி வந்தது.

முதலில் அம்மையாரே ஒருமுறை சேர்த்துப் பார்த்தார். எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் என்றார். அதற்கு அவ்வளவு நாள் ஆகியிருக்க வேண்டியதில்லை. கணவர் நின்று பார்த்த அதே இடத்திலிருந்து, அவர் பார்த்ததை ஒவ்வொரு விரற்கடையாகத் தாமும் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது மருமகளுக்குப் புரிந்தது. அந்த நாள்களில் அவர் மேசைப்பக்கம் எவரையும் விடவில்லை. பிறகு, மூடியின் உட்புறத்தில் தமிழில், "துண்டுகள் 500. குறைவு இல்லை" என்று எழுதித் தேதியிட்டு, எதிர்வீட்டுக்கு அனுப்பினார்.

பத்து நாளில் முதியவர் பெட்டியோடு வந்தார். குளத்து நீரும் வானமும் ஒரே நீலமாக இருந்ததால் மேலா கீழா என்று தெரியாமல் தவித்துவிட்டாராம். கோபுரம்தான் எளிது, ஒவ்வொரு துண்டிலும் எவராவது ஒருவர் நிற்கிறார் என்றார். பூம்பாவையின் குடத்தை வைத்த இடம் எது என்று கேட்டார். அது அந்தக் காலத்துக் கோயில், இப்போதுள்ள கட்டடம் பிற்காலத்தது என்று அம்மையார் விளக்கினார். ஆசிரியை அல்லவா, கணக்குப் பிசகவிட மாட்டார்.

பங்குனி நெருங்கியது. பனி உருகி வாசலில் ஈரமாக இருந்த ஒரு காலையில் மகன் தாமாகவே கேட்டார். "அம்மா, குளிர் முடிந்ததும் சென்னைக்கு அனுப்புகிறேன் என்று சொல்லியிருந்தேன். அறுபத்து மூவருக்குள் போய்ச் சேரும்படி டிக்கெட் போடட்டுமா?"

"போடப்பா" என்றார் அம்மையார். "திரும்பி வருவதற்கும் சேர்த்தே போட்டுவிடு. நம் பெட்டி அவர்கள் வீட்டில் இருக்கிறது."

எட்டாம் நாள் விழாவன்று குளக்கரைக் கூட்டத்தில் நின்றுகொண்டு அவர் பேத்தியுடன் கைப்பேசியில் பேசினார். பெட்டி இப்போது கொரியப் பாட்டியிடம் இருப்பதாகவும், மூடிக்குள் தமிழ் எழுத்துக்குக் கீழே ஆங்கிலத்திலும், அதற்குக் கீழே கொரிய எழுத்திலும் தேதி ஏறியிருப்பதாகவும் பேத்தி சொன்னாள். இம்முறை பாட்டி ஓரத்தோடு நிறுத்தவில்லையாம். தண்ணீர் முடிந்துவிட்டதாம், கோபுரம் மூன்று நிலை எழுந்திருக்கிறதாம்.